இருநூற்றுப் பதினான்காம் நாள்

"இலவசச் சோதனைக் காலம் அறுபது நாட்கள்.
இன்று உங்களுக்கு 214ஆம் நாள்."
இரவுதோறும் இதைச் சொல்லி
ஐந்து விநாடி நிற்கவைத்துவிட்டு
மென்பொருள் கதவைத் திறந்துவிடுகிறது.
வாடகை பாக்கிக்கு என் வீட்டுக்காரர்
இத்தனை நாகரிகமாக வந்து நின்றதில்லை.

வால்பரைசோவில், கம்பி இழுத்துக் குன்றேறும் மரப்பெட்டிக்கு
டிக்கெட் கிழிப்பவள் நான், நோல்ஃபா.
ஏழு முதல் மூன்று மணி வரை
ஒரு பெட்டி ஏறும், ஒன்று இறங்கும்.
இரவில், பதினோரு தவணையில் வாங்கிய
சிவப்பு டப்பா ஒன்று, மைக் ஒன்று,
இருபத்தைந்து கட்டைக் கீபோர்டு.
இரண்டாம் எஃப் கட்டை பேசாது.
பாதி விலைக்குக் கிடைத்த காரணம் அதுதான்.
என் மெட்டுகளெல்லாம் அதைச் சுற்றிப் போகும்,
படிக்கட்டில் படுத்திருக்கும் நாயை
இந்தத் தெருவே சுற்றிப் போவதுபோல.

முதல் வாரம் சத்தமே வரவில்லை.
இரண்டாம் வாரம் வந்தது, பிந்தி.
பாடிய சொல் அரை மூச்சு கழித்து
ஹெட்போனுக்குள் வந்து சேர்ந்தது,
வடக்கே சுரங்கத்திலிருந்து பேசும் தம்பி மாதிரி:
நான் அடுத்த கேள்விக்குப் போனபின்
போன கேள்விக்கு "ஆமாம்" என்பான்.
ஏதோ ஒரு எண்ணை 1024லிருந்து 128க்கு இறக்கினேன்.
குரல் பக்கத்தில் வந்தது,
கூடவே, காய்ந்த எண்ணெயில் ஈரம் பட்ட வெடிப்பும்.
256ல் சமரசம்.

மிடி என்றால் இசை என்று நினைத்திருந்தேன்.
அதில் ஒலியே கிடையாதாம்.
எந்தக் கட்டை, எவ்வளவு வேகத்தில் அழுத்தினாய்,
எப்போது விட்டாய்.
அவ்வளவுதான்.
பியானோவை எடுத்துவிட்டு டிரம்பெட்டை வைத்தேன்,
பிறகு ஒருவரும் ஊதாத புல்லாங்குழலை.
மூன்றாம் சுரத்தில் என் சுண்டுவிரல் தயங்கியது மட்டும்
எல்லாவற்றிலும் அப்படியே இருந்தது.

தயக்கத்தைத் திருத்தவும் ஒரு பொத்தான் உண்டு.
அழுத்தினேன்.
சுரங்கள் கோட்டில் போய் நின்றன,
திங்கட்கிழமைப் பள்ளிக்கூட வரிசை.
பெருமையாக இருந்தது. மூன்று முறை கேட்டேன்.
நான்காம் முறை தேடினேன், அங்கே நான் இல்லை.
கன்ட்ரோல் இசட்.

துணி அலமாரிக்குள் தலையை விட்டுத்தான் பாடுவது.
கோட்டுகள் எதிரொலியைக் குடித்துவிடும்.
பக்கத்துக் கட்டிலில் புரண்டு அனாயிஸ் கேட்டாள்:
"அம்மா, உள்ளே யாரோடு சண்டை?"

ஞாயிறு காலை ஃபிரிட்ஜைப் பிடுங்கிவிட்டுப் பதிவு.
பதினேழாம் முயற்சி. மூச்சுகூடச் சரியான இடத்தில் விழுந்தது.
கடைசி வரிக்கு நான்கு தட்டு இருக்கையில்
தெருவில்
டங்டங். டங்.
யெர்கோ. கேஸ் சிலிண்டரைக் கம்பியால் தட்டிக்கொண்டு வருகிறான்.
அவனைத் திட்ட நல்ல சொல்லாக ஒன்றை எடுத்துவைத்தேன்.
திரையைப் பார்த்தேன்: மூன்று முட்கள்,
மெட்ரோனோமுக்குக் கொஞ்சம் பின்னால்,
சுமையோடு படியேறும் ஆளின் தாளத்தில்.

ஃபிரிட்ஜை மறுபடி செருக மறந்து
பால் கெட்டது, அது வேறு கணக்கு.
அந்த மூன்று முட்களை வெட்டிக் கட்டைகளில் ஏற்றினேன்.
அடிக்கட்டையில் அது மாதா கோயில் மணி,
உச்சிக்கட்டையில் தேநீர்க் கரண்டி,
நடுவில் யெர்கோ.
நடுவிலேயே விட்டுவிட்டேன்.

பாட்டு எண்பது விநாடி.
எங்கள் பெட்டி அடியிலிருந்து உச்சிக்குப் போகும் நேரம்.
பாதியில் இரண்டு பெட்டிகளும்
ஒன்றையொன்று கடக்கும்.
அதைத் தாண்டிச் சற்று மேலே அந்த டங்.

வியாழன் மூன்று மணிக்கு வேலை முடிந்து நானும் ஏறினேன்,
ஃபோன் கோட்டுப் பையில், ஒலி முழுதும் திறந்து.
கடல் தெரியாத மூடுபனி. ஐந்து பேர்.
என் குரலுக்கு யாரும் தலை திருப்பவில்லை.
டங்டங். டங்.
காய்கறிப் பையோடு நின்ற பெண்
ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துச் சரிவெல்லாம் தேடினாள்,
பர்ஸைத் திறந்து சில்லறை எண்ணினாள்.
"கேஸ்காரன் எந்தத் தெருவில் நிற்கிறான், தெரியுமா?"

நான் வாய் திறக்கவில்லை.
இன்னும் இருபத்தெட்டு விநாடி பாக்கி இருந்தது.